மூக்குள்ள பிள்ளை பிழைக்கும்

பிள்ளைகளைப் புத்தகத்தோடு கட்டிப்போடக் கூடாது, விளையாட விட்டுக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கல்விக் கருத்தரங்குகளில் இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அதிலும் தேடல் விளையாட்டுதான் உசத்தியாம். கையில் ஒரு வரைபடம், வழி நெடுகத் துப்புகள், உதவிக்கு ஊர்க்காரர்கள், தாண்டுவதற்குச் சில தடைகள், கடைசியில் ஒரு பரிசு. பிள்ளை வகுப்பறையை விட்டு இறங்கி, தெருவில் இருப்பவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இதற்குச் சமூகம் சார்ந்த கற்றல் என்று பெயர்.

நல்ல காரியம்தான். ஆனால் செலவு பிடிக்கும். செயலி செய்ய ஆள் பிடிக்க வேண்டும், சமூகப் பொறுப்பு நிதி கேட்டுக் கம்பெனிகளின் வாசலில் நிற்க வேண்டும், டேப்லெட் வாங்க டெண்டர் விட வேண்டும், டெண்டர் எடுத்தவர் மேல் வழக்குப் போட வேண்டும். இத்தனையும் மிச்சமாக ஒரு வழி சொல்கிறேன். விம்கோ நகருக்கு வாருங்கள். மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியிலேயே இங்கே வந்துவிட்டது. ஏசிப் பெட்டியில் உட்கார்ந்தபடி வரலாம். கண்ணாடி திறக்காது என்பதால் வரும் வழியில் ஒன்றும் தெரியாது. இறங்கினால் தெரியும்.

அந்தத் தேடல் விளையாட்டு இங்கே பல வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. ஊர்ப் பேரே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பேர். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதைச் சுருக்கினால் விம்கோ. வேறு ஊர்க்காரர்களுக்குச் சாமி பேரிலோ தலைவர் பேரிலோ நகர் கிடைக்கும். இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கம்பெனி பேரில் கிடைத்திருக்கிறது. தெற்கே ராயபுரத்தில் தொடங்கி வடக்கே எண்ணூர் முகத்துவாரம் வரை பிள்ளைகளெல்லாம் ஆட்டக்காரர்கள். பேர் கொடுக்க வேண்டியதில்லை. இங்கே பிறந்தால் போதும், ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

முதலில் வரைபடம். எண்ணூர்க் கழிமுகம் என்று ஒன்று உண்டு. கொசஸ்தலையாறு கடலில் கலக்கிற இடம். சுமார் 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பும் சதுப்பும் சேர்ந்த அந்தக் கழிமுகம், 1996இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் பத்திரமாக இருந்தது. எதையும் கட்டக் கூடாத பகுதி என்று குறித்திருந்தார்கள். பிறகு 2009ஆம் ஆண்டின் வரைபடம் என்று ஒன்று வந்தது. அதில் கழிமுகத்தைக் காணோம். ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, இறால் பிடிப்பவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இறால் பிடிக்கிறார்கள், படகு போய் வருகிறது. காகிதத்தில் மட்டும் தண்ணீர் வற்றிவிட்டது. 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக இது வெளியே வந்தது. ஜப்பான்காரனும் அமெரிக்காக்காரனும் கோடி கோடியாகக் கொட்டி வீடியோ விளையாட்டு செய்கிறானே, ஒரே ராத்திரியில் ஓர் ஆற்றை மறைக்கிற ஆட்டம் ஒன்று செய்திருக்கிறானா? நம்மவர்கள் ஒரு சாதாரண கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு செய்து காட்டினார்கள்.

அடுத்தது துப்பு. இங்கே துப்பு என்றால் நாற்றம். கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசினால் மணலி ஆலைகள். வடக்கிலிருந்து வாடை இறங்கினால் எண்ணூர். அழுகின முட்டை நாற்றமென்றால் ஒரு வாயு, சிலிண்டர் கசிகிற மாதிரி இருந்தால் வேறொன்று, கண் எரிந்து தொண்டை அடைத்தால் இன்னொன்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் அத்துப்படி. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பாட்டி சொல்லிக் கொடுத்தாள். “ராத்திரி பன்னெண்டுக்கு மேல கம்பெனிக்காரன் தொறந்து வுட்டுருவான், ஜன்னல சாத்திட்டுப் படு” என்று சொல்லும் பாட்டியை விடச் சமூகம் சார்ந்த ஆசிரியை யார்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள் ஊர்நாட்டில். இங்கே வாயைத் திறந்தால் இருமல் வரும். மூக்குள்ள பிள்ளைதான் பிழைக்கும்.

அப்படி மூக்கில் ஏறுகிற நாற்றத்தைப் பற்றிப் புகார் கொடுத்தால் நடப்பதும் ஆட்டத்தில் ஒரு கட்டம். ராத்திரி ஒரு மணிக்குப் புகார். காலையில் பத்து மணிக்கு மேல் ஆள் வருவார். அதற்குள் காற்று திரும்பியிருக்கும். கருவியை நீட்டிப் பார்ப்பார். அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார். கருவி பொய் சொல்லவில்லை. அது வேலைக்கு வந்த நேரம் அப்படி.

இந்தத் துப்புத் துலக்கும் பாடத்தில் ஒரு நாள் பிள்ளைகளே துப்பாகிப் போனார்கள். 2024 அக்டோபர் 25. திருவொற்றியூர் கிராமத்தெருவில் ஒரு தனியார் பள்ளி. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஏதோ நெடி பரவி, பிள்ளைகள் மூச்சு முட்டி, தலை சுற்றி, முப்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நடமாடும் அளவீட்டு வண்டி வந்தது. அதிகாரிகள் வந்தார்கள், மைக்கோடு தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். வராதது ஒரே ஒரு விஷயம்: அந்த நெடி எங்கிருந்து கிளம்பியது என்ற பதில். பத்து நாள் கழித்து, நவம்பர் 4ஆம் தேதி பள்ளியைத் திறந்தார்கள். மறுபடியும் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். முதல் தடவை விழுந்ததற்கே விடை கிடைக்காமல் இரண்டாவது தடவை விழ வைத்துப் பார்க்கிற சோதனை முறையை எந்தப் பல்கலைக்கழகத்தில் கற்றார்களோ தெரியவில்லை. வாயு எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஓர் இடத்தில் குழந்தைகளை மறுபடி உட்கார வைக்கலாம் என்று யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். அவர் பிள்ளை அந்த வகுப்பில் இருந்திருக்காது என்று பந்தயம் கட்டலாம்.

கோபப்படாதீர்கள், விளையாட்டுதானே என்கிறீர்களா? சரி, விளையாட்டின் விதிப்புத்தகத்துக்கு வருவோம். அப்படியொன்று இருக்கிறது என்பது இந்தப் பகுதியில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1984இல் போபாலில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே ராத்திரியில் செத்த பிறகு, 1989இல் மத்திய அரசு ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. அபாயகரமான வேதிப்பொருள்களைத் தயாரிப்பது, சேமிப்பது, இறக்குமதி செய்வது பற்றிய விதிகள். அதில் 14ஆம் விதி, ஆலைக்கு வெளியே விபத்து பரவினால் என்ன செய்வது என்று அதிகாரிகள் திட்டம் போட்டு வைத்திருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒத்திகை பார்க்க வேண்டும் என்கிறது. 15ஆம் விதி இன்னும் அருமை. பெரிய விபத்து நேரக்கூடிய ஆலைக்காரர், சுற்றி வாழும் ஜனங்களிடம் போய், எங்கள் ஆலையில் இன்ன ஆபத்து இருக்கிறது, விபத்து நடந்தால் இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லித் தர வேண்டும்.

சமூகம் சார்ந்த கற்றல் என்றால் இதுதான். கருத்தரங்கக்காரர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே சட்டம் பாடத்திட்டம் எழுதி, வாத்தியாரையும் நியமித்துவிட்டது. வாத்தியார் கம்பெனி. தலைமையாசிரியர் மாவட்ட நிர்வாகம். மாணவர்கள் சுற்றியுள்ள குப்பங்கள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று, வாத்தியார் வகுப்புக்கு எத்தனை நாள் வந்தார் என்று எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் விசாரித்துப் பாருங்கள்.

பெரியகுப்பம் என்றதும் 2023 டிசம்பர் 26 ராத்திரியைச் சொல்லாமல் போக முடியாது. மணி பதினொன்றே முக்கால். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து திரவ அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. ஜனங்கள் தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்தார்கள். ஒருவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டி, குழந்தைகளை வாரிக்கொண்டு, பைக்கிலும் ஆட்டோவிலும் கால்நடையாகவும் ஓடினார்கள். காற்றில் ஒரு கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிற இடத்தில் 2,090 இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாதது 49 இருந்தது.

இந்த அமோனியாவை எப்படித் தயாரிப்பது என்று மேல்நிலைப் பள்ளி வேதியியலில் பாடம் இருக்கிறது. இத்தனை அழுத்தம், இத்தனை வெப்பம், இன்ன வினையூக்கி. மனப்பாடம் செய்து எழுதினால் ஐந்து மதிப்பெண். அது தெருவுக்குள் வந்தால் என்ன செய்வது என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும், அதனால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்ள வேண்டும். வாயு போகிற திசையிலேயே ஓடாமல் காற்றுக்குக் குறுக்காக ஓட வேண்டும். இந்த இரண்டு வரியைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நடுராத்திரி இருட்டில் எந்தப் பக்கம் காற்று என்று பார்க்க ஒரு கம்பத்தில் துணிப்பை ஒன்றைப் பறக்கவிட எவ்வளவு செலவாகும்? அதற்குள் ஏழெட்டு ஓவியப் போட்டி நடத்திவிடுகிறார்கள். ஜூன் 5 வந்தால் போதும். சுற்றுச்சூழல் தினம், கம்பெனி செலவில் சார்ட் பேப்பர், கிரேயான்ஸ், பிஸ்கட். பிள்ளை ஆற்றை நீல நிறத்தில் வரைய வேண்டும். கண்ணால் பார்த்த சாம்பல் நிறத்தில் வரைந்தால் பரிசு கிடைக்காது.

அந்த அமோனியாக் கசிவை ஆராய்ந்த குழு, மிக்ஜாம் புயலில் கடலுக்கடியில் பாறைகள் நகர்ந்து குழாய் சேதமாகியிருக்கும் என்றது. புயல் வந்தது டிசம்பர் முதல் வாரம். இடையில் மூன்று வாரம். குழாய் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அமோனியாவை விடலாம் என்று எண்ணுவதற்கு வேதியியல் பட்டம் தேவையா? கசிந்தது 67 டன்னுக்கு மேல் என்றும், சுற்றுச்சூழல் இழப்பீடாக 5.92 கோடி ரூபாய் வசூலிக்கலாம் என்றும் அந்தக் குழு கணக்குப் போட்டது. வகுத்துப் பார்த்தால் கிலோ எண்ணூற்றுச் சொச்சம். காசிமேட்டில் வஞ்சிரம் ஏறக்குறைய அந்த விலைக்குத்தான் போகும். எடை போட்டு வாங்குகிற சரக்காக ஊர்க்காரர்களின் மூச்சுக்கும் ஒரு விலை வந்துவிட்டது என்பதில் சந்தோஷப்பட வேண்டும்.

விளையாட்டில் கருவிகள் வேண்டுமே? இந்த ஆட்டத்துக்கு ஒரே கருவிதான், பிளாஸ்டிக் வாளி. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் எதுவும் கொட்டவில்லை என்று முதலில் சொன்னார்கள். எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் தார் மாதிரி எண்ணெய் வந்து ஒதுங்கியபோது, அதை அள்ள வந்தது என்ன இயந்திரம் என்று நினைக்கிறீர்கள்? வாளி. கல்லூரிப் பிள்ளைகளும் மீனவர்களும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அள்ளினார்கள். செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பி மூன்று வருஷம் ஆன நாட்டில் இப்படி நடந்தது. ஆறு வருஷம் கழித்து, 2023 டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்தது. படகு, வலை, அலையாத்தி மரம், கூழைக்கடா எல்லாம் கறுத்துப்போயின. மறுபடியும் வந்தது யார்? வாளி. இந்தத் தடவை கூடவே ‘மக்’கும் வந்தது. ஆறு வருஷத்தில் அரசாங்கம் கண்ட தொழில்நுட்ப முன்னேற்றம் அவ்வளவு.

வாளி என்றதும் கடலூர் ஞாபகத்துக்கு வருகிறது. அங்கேயும் ஒரு வாளி இருந்தது, ஆனால் அது வேறு ஜாதி. 2004இல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள், வாளிக்குள் ஒரு பை வைத்து, காற்றை அதற்குள் இழுத்துப் பிடித்து, ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் கையாண்ட வழி அது. நாற்றம் வந்தால், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் பக்கக் காற்று, எது மாதிரி நாற்றம் என்று நோட்டில் எழுதப் பழகினார்கள். நகப்பூச்சு மாதிரியா, அழுகின பழம் மாதிரியா, எரிந்த ரப்பர் மாதிரியா என்று எழுதினால், எந்த ஆலையின் எந்த வேதிப்பொருள் என்ற பக்கத்துக்கு அது கொண்டுபோய் விடும். பிள்ளையும் பெண்டும் விவசாயியும் மீனவரும் ஒருவரிடம் ஒருவர் கற்ற வேதியியல் அது. ஒரு கல்விக்கூடமும் அதற்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால்தான் ஆச்சரியம். கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்கு இங்கே சான்றிதழ் கிடைக்காது, சம்மன் கிடைக்கும்.

இப்படி ஜனங்கள் தெருவில் கற்றுக்கொள்வது புதிதல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கல்லுடைக்கிற பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. படித்தவள் தெருவில் இறங்கினால் என்ன ஆகும் என்று அரசாங்கம் தெரிந்துகொண்டதும் அப்போதுதான். அதற்குப் பிறகு மக்கள் கல்வி என்றால் பேரணி, பதாகை, உறுதிமொழி. அனல்மின் நிலையச் சாம்பலைச் சுவாசிக்கிற பிள்ளை கையை நீட்டி, சுற்றுச்சூழலை நான் காப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சாம்பலைக் கொட்டுகிறவர் மேடையில் உட்கார்ந்து கைதட்டுவார்.

இனி மதிப்பெண். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பேட்டைகளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மாசுக் குறியீடு போடுகிறது. 70ஐத் தாண்டினால் கடும் மாசுப் பகுதி. மணலி 2009இல் 76 வாங்கியது, 2018இல் 84. ஒன்பது வருஷத்தில் எட்டு மதிப்பெண் ஏற்றம். வடசென்னைப் பள்ளிகளின் தேர்ச்சி விகிதத்துக்குக் கூட்டம் மேல் கூட்டம் போடுகிறவர்கள், கூட்டமே போடாமல் ஏறிய இந்த மதிப்பெண்ணுக்கு ஒரு பாராட்டு விழாவாவது எடுத்திருக்கலாம்.

பரிசும் உண்டு. 2023 எண்ணெய்க் கசிவுக்கு 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், படகுக்குப் பத்தாயிரம். கறுத்துப்போன ஒரு வலையை மாற்றவே எவ்வளவு ஆகும் என்று வலைக்காரரிடம் கேட்டுவிட்டு இந்தத் தொகையைப் பற்றிப் பேசலாம். கழிமுகத்தில் இதற்கிடையில் காக்கா ஆழி என்கிற தென்னமெரிக்கச் சிப்பி வேறு வந்து தரை முழுக்க விரித்துக்கொண்டது. இறால் ஒதுங்க இடமில்லை. அதைப் பார்த்து முதலில் அலறியதும் மீனவர்கள்தான்.

வைகுண்ட ஏகாதசி ராத்திரி பரமபதம் ஆடுவார்களே, அதில் ஏணியும் பாம்பும் எல்லோருக்கும் பொது. இங்கே ஒப்புதல் கேட்டு வருகிற கோப்புக்கு ஏணி, புகார் மனுவுக்குப் பாம்பு. 2024 டிசம்பர் 20 அன்று எர்ணாவூரில் எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. இன்னொரு 660 மெகாவாட். ஏற்கெனவே சாம்பல் தின்ற ஊரைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்பதற்குக் கருத்துக்கேட்பு என்று பெயர் வைத்தவர் நல்ல ரசிகர்.

எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண், நிலத்தை வளைத்துப்போட்டு வாடகையிலேயே கொழுக்கிறவர்களின் அநியாயத்தைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியவைக்க ஒரு பலகை விளையாட்டு செய்து 1904இல் காப்புரிமை வாங்கினாள். அதைத்தான் பிற்பாடு வேறொருவர் பேரில் மோனோபலி என்று விற்றார்கள். எல்லா மனையையும் பிடித்து எதிராளியை ஓட்டாண்டியாக்குகிறவன் ஜெயிப்பான் என்று ஆட்டம் மாறிப்போனது. நம் வீடுகளில் டிரேடு, பிசினஸ் என்ற பெயர்களில் பிள்ளைகள் ஆடுவது அதன் பேரன் பேத்திகளைத்தான். கல்வி விளையாட்டுக்கு யார் பணம் போடுகிறார்களோ அவர்களுக்குத் தக்கபடி பாடம் திரும்பும். ஆலைக்காரரின் சமூகப் பொறுப்பு நிதியில் விம்கோ நகருக்கு ஒரு தேடல் விளையாட்டு வந்தால், அதில் குப்பையைத் தொட்டியில் போடு, குழாயை மூடு, மரம் நடு என்று பிள்ளைக்குத்தான் கட்டளை வரும். ஆலையின் குழாயை யார் மூடுவது என்ற கேள்வி எந்தக் கட்டத்திலும் வராது.

ஆகவே விளையாட்டு நிபுணர்களே, வேண்டாம். திருவொற்றியூர்ப் பிள்ளைக்கு விழிப்புணர்வு ஊட்ட உங்களுக்கு என்ன யோக்கியதை? அந்தப் பிள்ளை ராத்திரி ஒரு மணிக்கு விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. படிக்காமல் ஏமாற்றுவது வாத்தியார்.

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று நடக்கிறது. அடுத்த தடவை கூட்டமாகப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். 1989ஆம் வருஷத்து விதிகளில் 15ஆம் விதியைத் தமிழில் உரக்கப் படியுங்கள். பிறகு மூன்றே கேள்வி கேளுங்கள். எங்கள் தெருவைச் சுற்றி எந்த ஆலையில் எந்த வாயு எத்தனை டன் இருக்கிறது? கசிந்தால் எந்தச் சங்கு ஊதும்? ஊதினால் நாங்கள் எந்தப் பக்கம் ஓட வேண்டும்? பார்க்கிறோம், ஆவன செய்கிறோம் என்பார்கள். விடாதீர்கள். பதிலை எழுத்தில், தேதி போட்டு, கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.